இறங்க இடம் கேட்ட விமானம்

2023 ஜனவரி பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, இரண்டு இன்ஜினும் வயிற்றில் இரண்டு குண்டும் உள்ள போர் விமானம் ஒன்று செவல்பேரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே வந்து பெரிதாக ஒரு வட்டம் போட்டபோது, அதை ஓட்டிய சேர்மத்துரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நயினார் ஃப்ளெக்ஸ் கடையின் உள்ளறையில், கணினிக்கு முன்னால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பொங்கல் வாழ்த்து பேனர்களெல்லாம் அடித்து முடிந்து, அடுத்த காதுகுத்துக்கும் அடுத்த கண்ணீர் அஞ்சலிக்கும் இடையில் கடை சும்மா கிடந்த நேரம் அது. நாலு வருஷமாக அவன் இணையத்தில் விமானச் சண்டை விளையாடி வந்தான். மற்றவர்களெல்லாம் ஒற்றை இன்ஜின் குட்டி விமானங்களை எடுத்துக்கொள்ள, அவன் மட்டும் சண்டையும் பிடித்துக் குண்டும் போடுகிற அந்தக் கனத்த ரெட்டை இன்ஜினையே எடுப்பான். அன்றைக்குச் சும்மா பழகிப் பார்க்க ஆட்டத்துக்குள் தனக்கென்று ஒரு தனி அறையைத் திறந்து, விமானம் நிஜ விமானம் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டான், அது அவனுடைய கர்வம். பெட்ரோல் தீரவே கூடாது என்று இன்னொரு கட்டத்தில் டிக் போட்டான், அது அவனுடைய சோம்பல். முதல் வட்டத்தில் திரையில் கடலும் ஒரு தீவும் இருந்தன. இரண்டாவது வட்டத்தில் கடலைக் காணவில்லை. பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரையும், அதன்மேல் யாரோ எறிந்த டயரும், அவனே அடித்துக் கொடுத்த பூப்புனித நீராட்டு விழா பேனரும் தெரிந்தன, இன்ஜின் சத்தம் ஸ்பீக்கரிலிருந்தும் கூரைக்கு மேலிருந்தும் ஒன்றாக வந்தது. அவன் மேசைமேல் இருந்த ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் சாய்த்தான். வெளியே தெருவில் நின்றவர்களின் தலைகளெல்லாம் வலது பக்கம் திரும்பின.

கடை முதலாளி நயினார் அண்ணாச்சி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஏல சேர்மா, இது உன்னுதா?”

“ஆமா அண்ணாச்சி.”

“வேற எவனுதோன்னு நெனச்சேன்” என்றவர், டீ சொல்லப் போனார்.

அவன் ஆட்டத்தை மூடப் பார்த்தான். திரையில் ஒரு பெட்டி வந்தது: விமானம் இன்னும் வானத்தில் இருக்கிறது, இப்போது வெளியேறினால் விழுந்து நொறுங்கியதாகவே கொள்ளப்படும், சம்மதமா? எத்தனையோ நாள் அந்தப் பெட்டிக்குச் சம்மதம் சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போயிருக்கிறான். இப்போது விமானத்துக்கு நேர் கீழே நடுநிலைப் பள்ளி இருந்தது, இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்பதை அழுத்தினான். அந்தப் பெட்டியைப் பார்க்க சாயங்காலம் வரை ஊர் வந்து போயிற்று. அவன் திரும்பத் திரும்ப அதை வரவழைத்துக் காட்டினான், இங்கிலீஷ் டீச்சர் வரி வரியாகத் தமிழில் சொன்னார், கேட்டவர்கள் “நியாயந்தான்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

அது எப்படி வந்தது என்று செவல்பேரியில் யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்க வேறு கேள்விகள் இருந்தன. அம்மன் கொடை விழாவுக்கு வாணம் விடலாமா, விட்டால் அதன்மேல் படுமா என்று கோயில் கமிட்டி கேட்டது. நிழல் வீட்டின் மேல் விழுந்தால் தோஷமா என்று கேட்டவர்களுக்கு, நிற்கிற நிழலுக்குத்தான் தோஷம், ஓடுகிற நிழலுக்குக் கிடையாது என்று ஜோசியர் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. திரையையும் பார்த்து, ஜன்னல் வழியாக வானத்தையும் பார்த்து, சம்பவம் திரைக்குள்ளே என்றால் அது மாவட்டத்து சைபர் பிரிவு, வானத்திலே என்றால் எந்தப் பிரிவு என்று தெரியவில்லை என்று தொப்பியை மாட்டிக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலர், எந்த சர்வே நம்பருக்கு மேலே நிற்கிறது என்று சொன்னால் மனு எழுதலாம், நிற்க மாட்டேன் என்கிறதே என்று வருத்தப்பட்டார்.

நாலாம் நாள் எல்லாம் பழகிவிட்டது. விமானத்தைச் சமன்படுத்தி லேசாக வலது பக்கம் சாய்த்து வைத்தால் ஒரு குளியல் நேரத்துக்கு அது தானாகவே வட்டமடிக்கும், அதற்கு மேல் மூக்கு இறங்கத் தொடங்கும். அந்த இடைவெளியில்தான் அவன் குளித்தான், அந்த இடைவெளியில்தான் கொல்லைக்குப் போனான், அக்கா ரத்தினம் தூக்குவாளியில் கொண்டு வந்த சோற்றை உருட்டித் தின்றான், ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் ஹேண்டிலைப் பிடித்தபடியே தூங்குவதுபோல ஸ்டிக்கைப் பிடித்தபடி துண்டு துண்டாகத் தூங்கினான். மூக்கு இறங்கும்போது இன்ஜினின் சுருதி மாறும். அந்தச் சுருதி ஒரு வாரத்தில் ஊருக்கே மனப்பாடமாகிவிட்டது. துணி தேய்க்கிற வண்டியில் இருந்தும் டீக்கடையில் இருந்தும் ரேஷன் வரிசையில் இருந்தும், பேச்சை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், “துரை, மூக்கு!” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அது கைமாறிக் கைமாறிக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அவன் விழித்து ஸ்டிக்கை இழுத்திருப்பான். பிறந்து எட்டு மாதமான ஒரு பிள்ளை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் மூக்கு என்று சொன்னதாக மேலத் தெருவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

கரண்ட் போனால் விமானம் விழும் என்பதால் லைன்மேன் பஸ் ஸ்டாண்டு டிரான்ஸ்பார்மரில் கை வைப்பதை விட்டுவிட்டார். மாதாந்திரப் பராமரிப்பு என்ற பேச்சே ஒழிந்து, கடைத்தெருவில் ஐஸ்க்ரீம் உருகுவது நின்றது. காட்டில் மக்காச்சோளத்தைக் கொத்திப் போட்டுக்கொண்டிருந்த மயில்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கூட்டம் கூட்டமாக அடுத்த தாலுகாவுக்குப் போய்விட்டன. விவசாயிகள் கடைக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “நல்லா இரி துரை, நீ இரி” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த வாழ்த்தில் ஏதோ ஒரு பூட்டுப் போடும் சத்தம் கேட்டதாக சேர்மத்துரைக்குத் தோன்றியது.

ஏனென்றால், அவனுக்குத் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்தது.

பெண் அவனுடைய தாய்மாமன் மரக்கடை தவசிக்கண்ணுவின் மகள் செல்வசுந்தரி. ஊருக்கு வெளியே, வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில், கூரையில் எல் போர்டு வைத்த வெள்ளை மாருதியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. அவர்களுக்குள் கல்யாணம் என்பது சின்ன வயதிலிருந்து ஊர் சொல்லி வைத்தது. ஆனால் அதை உண்மையாகவே விரும்புகிறோம் என்பதை இருவரும் போன வருஷம்தான் கண்டுபிடித்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

தை முகூர்த்தம் வந்தது. மணமகனைக் கடையிலேயே வைத்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார் நயினார் அண்ணாச்சி; பிரிண்டிங் மெஷினை ஓரமாகத் தள்ளினால் ஐயர் உட்கார இடம் வரும். “முத முடிச்ச மாப்பிள்ள இடது கையால போடட்டும், மத்த ரெண்டத்தான் நாத்தனார் போடப் போறா. பிறகென்ன?”

தவசிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒத்தக் கையால தாலி கட்டுனா ஒத்தக் கைக் குடும்பமாப் போவும் அண்ணாச்சி. மாப்ள ரெண்டு கையையும் எடுத்துட்டு வரட்டும். மாசியில பாப்போம்.”

மாசியிலும் பார்க்க முடியவில்லை. மாசி பிறந்த வாரத்தில், தனி அறைக்கு அவன் பூட்டுப் போட மறந்திருந்ததால், எந்த நாட்டிலிருந்தோ முகம் தெரியாத இரண்டு பேர் விளையாட உள்ளே வந்துவிட்டார்கள். செவல்பேரி வானத்தில் இரண்டு ஒற்றை இன்ஜின் குட்டி விமானங்கள் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கின. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடை வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்து, பாதிப் பேர் திரையையும் பாதிப் பேர் வானத்தையும் பார்த்தபடி யோசனை சொன்னார்கள்.

“திரும்புல! பின்னாலயே வாறான், திரும்பு!”

“இடது பக்கம் ஒடி! ஏல, இடதுங்கேன்!”

“திரும்புனா செத்தேன் அண்ணாச்சி” என்றான் சேர்மத்துரை, கண்ணை எடுக்காமல்.

ரெட்டை இன்ஜினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நேராகப் போனால் அதைப் பிடிக்க ஆளில்லை, வளைந்து மல்லுக்கு நின்றால் குட்டி விமானம் உள்வட்டத்தில் புகுந்து வாலைக் கடித்துவிடும். விளையாடத் தொடங்கிய முதல் வருஷம் முழுக்க அவன் வளைந்து வளைந்துதான் செத்தான். உயரத்திலிருந்து இறங்கி வா, அடி, அடித்தது பட்டதா என்று பார்க்காதே, நேரே போ, அவர்கள் புள்ளியாகிற தூரத்துக்குப் போன பிறகு மெதுவாக ஏறித் திரும்பு. குண்டைச் சுமந்துகொண்டு சண்டைக்குப் போகாதே. இதை அவன் திரைக்குள்ளே மட்டும்தான் கடைப்பிடித்தான். கடையில், பேனரின் நடுவில் இருக்கிற மாமாவை எடுத்துவிட்டுச் சித்தப்பாவைப் போடு என்றால் போடுவான், சித்தப்பாவைச் சின்னதாக்கு என்றால் சின்னதாக்குவான், திரும்பவும் மாமாவைக் கொண்டு வா என்றால் கொண்டு வருவான். எவர் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்புகிற ஆள் என்று அவனுக்கு நல்ல பெயர் இருந்தது.

அவன் மூக்கை லேசாக இறக்கி வேகம் எடுத்து, ஊரைத் தாண்டி, தண்ணீர் பார்த்து மூன்று வருஷமான பெரிய குளத்தின் நடுவில் இரண்டு குண்டுகளையும் உதறினான். செவல்பேரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் ஒரு தடவை சிணுங்கி அடங்கியது. பாரம் போன விமானம் ஒரு குதி குதித்து ஓட, துரத்தியவர்கள் பின்தங்கினார்கள். வெகு தூரம் போய், ஏறி, திரும்பி, உயரத்திலிருந்து அவன் வந்தபோது மூக்கில் இருந்த நாலு பீரங்கியும் ஒரே நேர்கோட்டில் சுட்டன. ஒருவன் புகையாகிக் கலைந்தான், உடைமரக் காட்டில் ஒரு பனை மட்டும் கருகியிருந்தது. இன்னொருவன் எதிரே வந்து, கடந்து போகிற அந்த ஒரு கணத்தில் இடது இன்ஜினைச் சுட்டுவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல வானத்தை விட்டுப் போய்விட்டான். இன்ஜின் மூடி ஒன்று கூட்டுறவுச் சங்கத்தின் ஓட்டில் விழுந்தது. சேர்மத்துரை அன்றே அறைக்குப் பூட்டுப் போட்டான்.

குளத்தில் விழுந்த இரண்டு பள்ளங்களிலும் மூன்றாம் நாள் ஊற்று எடுத்தது. ஆடு மாடு அங்கே போய்க் குடித்தது. பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகத்தின் சீரிய முயற்சியால் குளம் ஆழப்படுத்தப்பட்டதற்கு நன்றி தெரிவித்து ஒரு பேனர் வேண்டியிருந்தது. வலது கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே இடது கையால் சேர்மத்துரை அதை வடிவமைத்தான். தலைவர் வந்து பார்த்து, தன்னுடைய படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினான்.

இப்போது விமானத்துக்கு ஒரு இன்ஜின்தான். செத்த இன்ஜின் பக்கம் வேகம் குறைந்து திரும்பினால் கவிழ்ந்துவிடும். அதனால் வலது பக்கமாகவே சுற்றியது, சுற்றும் ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது, அதை அவன் மட்டும் அறிந்திருந்தான். மாசி முடிவதற்குள் வேப்பமரங்களின் உச்சி ஆடத் தொடங்கியபோது ஊரும் அறிந்தது. இறக்கியே ஆக வேண்டும். இறக்க ஓடுதளம் இருந்தது.

ஓடுதளத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. சோளம் முடிந்தால் மல்லி, மல்லி முடிந்தால் மிளகாய். கிழக்கு ஓரத்தில் கட்சிக் கூட்டத்துக்குப் போட்ட மேடை பிரிக்கப்படாமல் இருந்தது, அடுத்த கூட்டம் எப்படியும் வரும் என்பதால். நடுவில் கிரிக்கெட் பிட்ச், அதை ஒட்டி ஒரு பரோட்டாக் கடை, மேற்கே இரண்டு செங்கல் சூளை, ஆட்டுக் கிடை, ஓரம் நெடுகத் தலைவரின் மைத்துனர் கல் ஊன்றி வைத்திருந்த வீட்டு மனைகள். ஊர்க் கூட்டம் போட்டுப் பேசியபோது யாருமே முடியாது என்று சொல்லவில்லை. சோளம் காயட்டும் என்றார்கள். கொடை முடியட்டும் என்றார்கள். சூளை ஆறட்டும் என்றார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்றார்கள், எல்லோரும் சேர்மத்துரையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், இறங்கினால் கரண்ட் பழையபடி போகுமா என்று ஒருவர் கேட்டபோது மட்டும் எல்லோரும் ஓடுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

கடைசியில் கோமதிநாயகம் கடைக்கு வந்து முடிவைச் சொன்னார்.

“தம்பி, பாதியக் காலி பண்ணித் தாறோம். பாதியில எறக்கிரு.”

“முழு நீளமும் வேணும் தலைவரே. ஒத்த இன்ஜின். வேகமாத்தான் வர முடியும், வந்தா ஓடித்தான் நிக்கும்.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுப்பா. நாங்க பாதிக்கு வந்திருக்கோம்லா, நீயும் பாதிக்கு வா.”

சேர்மத்துரை, பழக்கத்தில், பார்க்கலாம் தலைவரே என்றான்.

தவசிக்கண்ணு பங்குனியில் வந்தார். உட்காரவில்லை. “மாப்ள, உம்மள நான் குத்தம் சொல்லல. சாத்தூர்ல ஒரு எடம் வந்திருக்கு. பங்குனி உத்திரத்துக்குள்ள ஒம்ம ரெண்டு கையும் வந்தா ஒமக்கு. வரலைன்னா எம்பிள்ளைய நான் எத்தன நாள் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்க விடுவேன்?” அவர் குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க வெளியே போய் விமானத்தைத் திட்டினார்.

மறுநாள் மத்தியானம் கொண்டையில் சிவப்பு ரப்பர் பேண்டோடு சுந்தரி வந்தாள். நயினார் அண்ணாச்சி வாடிக்கையாளர் யாரோ வந்ததுபோல எழுந்து வெளியே போனார், யாரும் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவனுடைய கையைப் பார்த்தாள்; ஸ்டிக்கைச் சுற்றி வளைந்து வளைந்து விரல்களெல்லாம் குறடுபோல ஆகியிருந்தன.

“எவ்வளவு நீளம் கேட்டீங்க அத்தான்?”

“முழுசும்.”

“அவங்க?”

“பாதி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாக்கலாம்னேன்.”

அவள் சிரித்தாள், அதில் சந்தோஷம் இல்லை. “அங்க வானத்துல மட்டும் திரும்பாத ஆளு. இங்க எவன் கைதட்டினாலும் திரும்புதீங்க.” பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒரு மாணவியின் பாடத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: “நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு பாக்கியத்தாய் அக்காவுக்கு கிளாஸ்.”

“தலைவர் சம்சாரமா?”

“ஆமா. நாலாவது கியர் இன்னும் சொல்லிக் குடுக்கல. நாளைக்குச் சொல்லிக் குடுக்கேன். கெழக்கு மேடையில இருந்து மேக்க சூளை வரைக்கும், நேரா, ஹாரன அடிச்சுக்கிட்டு. விமானம் வருது வெலகுங்கன்னு சொன்னா இந்த ஊர் வெலகாது. தலைவர் சம்சாரம் காரு கத்துக்கிடுதான்னா, உசுருக்குப் பயந்து பாயைச் சுருட்டும். நீங்க எம்பின்னாலயே வந்துருங்க.”

“ஒம்மேல ஏத்திட்டேன்னா?”

“நான் கடைசியில ஓரமா ஒதுங்கிருவேன். நான் ஒதுங்கலன்னாலும் நீங்க எனக்காக ஒதுங்கிறாதீங்க. இடது பக்கம் திரும்புனா கவுந்துரும்னு நீங்கதான சொன்னீங்க? திரும்புவீங்களா?”

வெளியே துணி தேய்க்கிறவர் “துரை, மூக்கு” என்றார்.

மறுநாள் ஒன்பதரைக்கு விமானம் ஊரை விட்டுக் கிழக்கே வெகு தூரம் போனது. வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் தேய்ந்து போவதைக் கேட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நின்றார்கள். அங்கே ஓடுதளத்தின் கிழக்கு முனையில், வெள்ளை மாருதியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பாக்கியத்தாய் கழுத்துச் சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஏட்டி சுந்தரி, நாலாவது கியர் போட்டா நிக்குமா?”

“பிரேக்கு எங்கிட்ட இருக்குக்கா. நீங்க மிதிங்க.”

அவள் மிதித்தாள். அதுவரை ஆடு மேய்கிற வேகத்தில் ஓட்டியவள், பக்கத்தில் பிரேக் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில், நாற்பத்தாறு வயது வரை மிதிக்காத மிதியையெல்லாம் சேர்த்து மிதித்தாள். ஹாரனில் சுந்தரியின் கை ஒட்டிக்கொண்டது. “தலைவர் வீட்டம்மாடோய்!” என்று பரோட்டாக் கடையில் முதல் குரல் எழுந்தது; அதற்குப் பிறகு சோளத்தோடு தார்ப்பாயைச் சுருட்டுகிறவர்களும் ஆட்டைக் காதைப் பிடித்து இழுக்கிறவர்களும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்களும்தான்; ஊர்க் கூட்டத்தில் பாதி நீளத்துக்கு இறங்கி வந்த ஊர், முழு நீளத்தையும் ஒரு மூச்சில் விட்டுவிட்டு இரண்டு ஓரமும் ஒண்டி நின்றது.

“பின்னால என்னட்டி சத்தம்?”

“கண்ணாடியப் பாக்காதீங்கக்கா. முன்னால பாருங்க.”

சேர்மத்துரையின் திரையில் ஓடுதளம் விரிந்தது, அதன் நடுவில் ஒரு வெள்ளைத் தீப்பெட்டி ஓடியது. சக்கரத்தை இறக்கினான். ஒற்றை இன்ஜின் இழுத்த இழுப்பில் மூக்கு இடது பக்கம் போகப் பார்க்க, காலடிப் பெடலை மிதித்து அதை நேராகப் பிடித்தான். வேகத்தைக் குறைத்தால் கவிழும், குறைக்காவிட்டால் தீப்பெட்டியின் மேல் ஏறும். தீப்பெட்டி பெரிதாகி, கூரையில் எல் போர்டு தெரிந்து, பின் கண்ணாடியில் இரண்டு கொண்டைகள் தெரிந்தன, ஒன்று பாக்கியத்தாயுடையது, இன்னொன்றில் நேற்று அவன் பார்த்த அதே சிவப்பு ரப்பர் பேண்ட். அவனுடைய கை இடது பக்கம் போக விரும்பியது. ஒரு வாழ்நாள் முழுக்க எல்லோருக்காகவும் ஒதுங்கிய கை அது, ஒதுங்குவதற்கு மட்டுமே தெரிந்த கை. அதைத் தன் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். நயினார் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

சுந்தரி தன் காலடி பிரேக்கைப் பாதி மிதித்து ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து வலது பக்கம் வளைத்தாள். கார் வீட்டு மனைக் கற்கள் இரண்டைச் சாய்த்துக்கொண்டு சோளக் குவியலில் ஏறி நின்றது. அதன் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் இறக்கை கடந்து போயிற்று. சக்கரம் தரையைத் தொட்டு, எழும்பி, திரும்பத் தொட்டு, கிரிக்கெட் பிட்ச்சைத் தாண்டி, இரண்டு செங்கல் சூளைக்கும் நடுவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கடைசி முள்வேலியில் மூக்கை வைத்து நின்றது. பாக்கியத்தாய் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, “ஏட்டி, நான் பாஸா?” என்று கேட்டாள்.

திரையில் பெட்டி வந்தது. விமானம் தரையில் இருக்கிறது, வெளியேறலாம். சேர்மத்துரை அழுத்தினான். பெட்டி மறைந்து, ஜனவரியில் அவன் பாதியில் விட்ட ஒரு நினைவஞ்சலி பேனர் அதன் பின்னாலிருந்து தெரிந்தது. அவன் எழுந்தான், கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்து, பிரிண்டிங் மெஷினைப் பிடித்து, வாசல் நிலையைப் பிடித்து வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஆட்களுக்குத் தங்கள் பேச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டு, எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. பங்குனி உத்திரத்துக்கு முன்னாலேயே மயில்கள் திரும்பி வந்துவிட்டன. உத்திரத்தன்று குறடு விரல்களால், நேரமெடுத்து, தாலியின் மூன்று முடிச்சையும் அவனே போட்டான். அக்கா ரத்தினம் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பந்தியில் கோமதிநாயகம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தபடி, ஊர் சார்பாக ஒரு விஷயம் என்றார். தினமும் ஒரு மணி நேரம், காலையில் மட்டும், சும்மா ஒரு சுற்று. மயிலுக்காக. லைன்மேனும் சொல்லச் சொன்னார்.

“மாட்டேன் தலைவரே.”

தலைவருக்கு அது காதில் விழவில்லை; அவனிடமிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லை. “பாக்கலாம்னு சொல்லுதியா?”

“மாட்டேன்னு சொல்லுதேன்.”

பந்தியில் அந்தச் சேதி “துரை, மூக்கு” போலவே கைமாறிக் கைமாறிப் போயிற்று, ஆனால் இந்தத் தடவை யாரும் குரல் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் பேனர் அடிக்க வந்தவர்கள் குறைந்தார்கள். டீக்கடையில் அவனுக்கு டீ கடைசியாக வந்தது. சுந்தரியிடம் கார் கற்க பாக்கியத்தாயைத் தவிர யாரும் வரவில்லை, அவளையும் தலைவர் நிறுத்தினார். சித்திரை பிறந்ததும் இருவரும் திருப்பூருக்குப் போனார்கள். பனியனில் படம் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது, அவளுக்கு அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில். ஓடுதளத்தில் சோளமும் ஆடும் மேடையும் பழைய இடத்துக்கு வந்தன, விமானத்தைச் சுற்றி, அதன் இறக்கை நிழல் விழுந்த இடத்தில் பரோட்டாக் கடை இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டது.

2024 பிப்ரவரி ஐந்தாம் தேதி, திங்கள்கிழமை, செவல்பேரி ஓடுதளத்தில் அரசுப் புறம்போக்கை ஆக்கிரமித்திருந்த விமானம் போலீஸ் பாதுகாப்புடன் கேஸ் கட்டரால் அறுத்து அகற்றப்பட்டது. அங்கே வேறு ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று வருவாய் ஆய்வாளர் எழுதிக் கையெழுத்திட்டார்.